பூல் கிளப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் திருடர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை உங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில், மோட்டார் சைக்கிள் திருடிய மூன்று இளைஞர்கள் பிடிபட்ட செய்தியைப் படித்தேன். பிடித்தது நல்லதுதான். ஆனால் செய்தியின் கடைசி வரியில், 'மூவரும் வேலைக்குப் போகாமல் பூல் கிளப்பே கதியென்று கிடந்தவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மூவரும் டீக்கடைக்கும் போயிருப்பார்கள், சினிமாவுக்கும் போயிருப்பார்கள். அதையெல்லாம் எழுத உங்கள் நிருபருக்குத் தோன்றவில்லை. கோலால் பந்தைத் தட்டி மேசை ஓரத்துப் பாக்கெட் குழிகளில் விழவைக்கும் ஆட்டம் நடக்கிற பூல் கிளப் என்றால் மட்டும் தோன்றியிருக்கிறது. அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் 1979-ல், பதினான்கு வயதில், ஒரு பெரிய கிளப்பில் பந்து எடுத்து வைக்கும் பையனாகச் சேர்ந்தவன். பிறகு அங்கேயே மார்க்கர் ஆனேன். புள்ளி எண்ணுவது, ஆடுகிற கோலான கியூவின் நுனிக்கு டிப் ஒட்டுவது, மேசைக்குத் துணி மாற்றுவது எல்லாம் என் வேலை. இருபத்தாறு வருடம் பார்த்தேன். உறுப்பினர்கள் ஆடும்போது மார்க்கர் உட்காரக் கூடாது. அவர்கள் கிளம்பிய பிறகு, இரவு பதினோரு மணிக்கு மேல், ஒரு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு நாங்கள் ஆடிப் பழகினோம். கோப்பை வாங்கிய உறுப்பினர்கள் சிலருக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கோப்பையோடு எடுத்த படம் ஒன்றில்கூட நான் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கிருந்து பேசுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது ஒரு மாடியில் இரண்டு பூல் டேபிளும், பூலின் உறவுக்கார ஆட்டமான ஸ்நூக்கருக்கு ஒரு டேபிளும் போட்டு நடத்துகிறேன். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை ஸ்நூக்கர் டேபிளுக்கு பிரஷ் போடுவது. வெள்ளைப் பந்து ஆட்டத்தைத் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து வைக்கும் முனை வரை, ஒரே திசையில் இழுக்க வேண்டும். துணியின் மயிர் அந்தப் பக்கமாகத்தான் படிந்திருக்கும். துணிக்கு அடியில் ஐந்து ஸ்லேட் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு மூலையில் இம்மி இறங்கினாலும், மெதுவாக வரும் பந்து பாக்கெட்டின் வாய்க்கு வந்து ஒதுங்கிவிடும். மாதம் ஒரு முறை ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன். திருடர்களுக்காக யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள் ஐயா.

யார் வருகிறார்கள் என்று கேட்டால், லேத் பட்டறைப் பையன்கள், கல்லூரி மாணவர்கள், ஒரு பல் மருத்துவர், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். தோற்றவர் டேபிள் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். தாசில்தார் பட்டறைப் பையனிடம் தோற்று, சட்டைப் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கிற காட்சியை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். இந்த ஊரில் வேறு எந்த அறையில் அது நடக்கும்?

போன பொங்கலுக்கு ஒரு சின்னப் போட்டி வைத்தேன். முதல் பரிசு 3,000 ரூபாய். அரையிறுதியில் ஆவாரம்பாளையத்துப் பட்டறைப் பையன் ஒருவன், தன் கோடு போட்ட பந்துகளையெல்லாம் போட்டுவிட்டு, போட்டால் ஆட்டம் ஜெயிக்கிற எட்டாம் நம்பர் கறுப்புப் பந்துக்குக் குனிந்தான். அது மூலைப் பாக்கெட்டுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நின்றது. குழந்தைகூடப் போட்டுவிடும். எதிராளி திரும்பி நின்று கியூ நுனிக்குச் சாக்கட்டி தடவிக்கொண்டிருந்தான். நான் ஸ்கோர் பலகைப் பக்கம் இருந்தேன். கையை நீட்டும்போது பையனின் சட்டைக் கை ஐந்தாம் நம்பர் பந்தில் உரசியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. அவன் நிமிர்ந்து, 'அண்ணா, ஃபவுல்' என்றான். தன் முறையை விட்டுக்கொடுத்து, வெள்ளைப் பந்தை எடுத்து எதிராளியின் உள்ளங்கையில் தானே வைத்தான். அந்த ஆட்டத்தில் தோற்றான். அந்த மாதம் அவனுக்குப் பட்டறையில் பாதிச் சம்பளம்தான் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனும் வரவில்லை. அவனுடைய அம்மா உங்கள் செய்தியைக் காட்டி, இனி அந்த மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

காசு வைத்து ஆடுகிற இடங்கள் இருக்கின்றன. மறைக்க மாட்டேன். என் மாடியிலும் இரண்டு முறை பிடித்திருக்கிறேன். ஆட்களை வெளியே அனுப்பி, அவர்கள் மீண்டும் வராதபடி பார்த்துக்கொண்டேன். சீட்டுக்கும் காசு வைக்கிறார்கள், கிரிக்கெட்டுக்கும் காசு வைக்கிறார்கள். கிரிக்கெட் ஆடுகிறவன் திருடினால், 'கிரிக்கெட் மைதானமே கதியென்று கிடந்தவன்' என்று நீங்கள் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பெயரை நாங்கள் இன்று நேற்றுச் சுமக்கவில்லை. என் மூத்த மகளுக்கு 2011-ல் வந்த ஒரு நல்ல சம்பந்தம், அப்பா என்ன தொழில் செய்கிறார் என்ற கேள்வியோடு நின்றுபோனது. மாடி வாடகைக்குப் பிடிக்க ஏழு மாதம் அலைந்தேன். என்னிடம் பழகிய ஒரு பையன் ஓர் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்தபோது, ஆசியப் போட்டியில் இல்லாத ஆட்டம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1998 முதல் 2010 வரை ஆசியப் போட்டியில் பூல், ஸ்நூக்கர், பில்லியர்ட்ஸ் என்ற இந்த மேசை ஆட்டங்கள் இருந்தன. 1998-ல் பாங்காக்கில் கீத் சேத்தியும் அசோக் சாண்டில்யாவும் பில்லியர்ட்ஸ் இரட்டையரில் தங்கம் வாங்கினார்கள். பிறகு எடுத்துவிட்டார்கள். அதற்கு அந்தப் பையன் என்ன செய்வான்?

உங்களுக்குத் தெரியாததல்ல. எந்த விளையாட்டிலும் தனிநபர் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் வில்சன் ஜோன்ஸ். 1958-ல் கல்கத்தாவில், பில்லியர்ட்ஸ் மேசையில். இருபத்தைந்துக்கு மேற்பட்ட உலகப் பட்டங்களை வைத்திருக்கும் பெங்களூரின் பங்கஜ் அத்வானி, சிறுவனாக அண்ணன் ஆடுவதைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்துக்கு வந்தார். பூல் ஆட்டத்தின் மந்திரவாதி என்று உலகமே சொல்லும் எஃப்ரென் ரேயஸ், மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் மேசை மேலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவர். 1999-ல் கார்டிஃபில் உலகச் சாம்பியன் ஆனார். அவரும் பூல் கிளப்பே கதியென்று கிடந்தவர்தான்.

ஸ்நூக்கர் பிறந்த கதையும் நமக்கு அந்நியமில்லை. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875-ல் ஜபல்பூரில் தொடங்கிய ஆட்டத்துக்கு, விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். கோவையில் பஸ் ஏறினால் மூன்றரை மணி நேரம். அவர் தன் பங்கை ஊரறியச் சொன்னது 1938-ல், ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில். அந்தப் பத்திரிகை அதை அச்சிட்டது. நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் வரவில்லை.

மூன்றாவது கடிதம் எதற்கு என்றாவது நினைவிருக்குமா? சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் உலக ஸ்நூக்கர் பட்டம் வென்றார். அதை நீங்கள் ஒற்றைப் பத்தியில் போட்டு, பக்கத்தில் நம்பர் போட்ட பூல் பந்துகளின் படத்தை வைத்தீர்கள். ஸ்நூக்கரில் பதினைந்து சிவப்பும் ஆறு வண்ணமும் ஒரு வெள்ளையும்தான். எண் எழுதிய பந்தே கிடையாது. அந்தப் பக்கத்தை வெட்டி மாடியில் ஒட்டலாம் என்று பசையோடு நின்ற எனக்கு, படத்தைப் பார்த்ததும் கை ஓடவில்லை. கடைசியில் படத்தை மட்டும் கத்தரித்துவிட்டு ஒட்டினேன். இரண்டு பெண் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். ஒருத்தி இந்த வாரம் வரவில்லை.

நான் மறுப்புச் செய்தி கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இனிமேல் குற்றச் செய்திகளில், குற்றம் அங்கே நடந்தாலொழிய 'பூல் கிளப்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம் என்று உங்கள் நிருபர்களிடம் சொல்லுங்கள். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒரு போட்டி வைக்கிறேன். முடிவை அன்றிரவே எழுதி அனுப்புகிறேன். உள்ளூர் விளையாட்டுப் பகுதியில் இரண்டு வரி போட்டால் போதும். படம் தேவையில்லை.

இப்படிக்கு,
முன்னாள் மார்க்கர்,
கோயம்புத்தூர்.