தூர் வரை சிமென்ட் எதற்கு?

ஐயா,

கொங்கு நகரங்களில் மரக்கன்று நடும் விழாவுக்குக் குறைவில்லை. மறுவாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றத்தான் ஆளில்லை. அதைவிடக் கொடுமை, வளர்ந்து நிற்கிற மரத்தின் தூரை ஒட்டி சிமென்ட் கல் பதிப்பது. மழைநீர் வேருக்கு இறங்குவதில்லை. காற்றில் சாய்ந்தால் பழி மட்டும் மரத்துக்கு! மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு காங்கிரீட் கூடாது என்று 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது. கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் அது ஆகாதா?

வீட்டுக்கு மேற்கே ஒரு வேம்போ புங்கனோ இருந்தால் சித்திரை மாதத்துப் பொழுதுசாயும் வெயில் சுவரைச் சுடாது; இலைகள் விடும் ஈரமும் காற்றைத் தணிக்கும். மின்கம்பிக்குக் கீழே மட்டும் செம்பருத்தி, நந்தியாவட்டை போதும். மாநகராட்சிகள் முதலில் தூரைச் சுற்றியுள்ள கற்களைப் பெயர்த்தெடுக்கட்டும்.

- வாசகர், பெருந்துறை