கிளாம்பா, வெல்டா?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி. புது பைப் ரேக் (பைப்களைத் தாங்கும் ஸ்டீல் சட்டம்) வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். நிதானமாகப் பார்க்கிறவன் கையில்தான் போயிருக்கிறது, நல்லதே.

பைப்பைத் தாங்கும் சப்போர்ட் எல்லாவற்றையும், கிளாம்ப் (பைப்பைச் சுற்றி போல்டால் இறுக்கும் பட்டை) என்றோ வெல்ட் என்றோ, ஒரே வகையாகப் போட்டால் வாங்குவது சுலபம் என்று ஆபீஸில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. லைன் லிஸ்டை (பைப் லைன்களின் பட்டியல்) விரித்து வைத்துக்கொண்டு, பைப் சுவரில் வெல்டிங் வைக்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு லைனாகப் பிரி. பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

சாதாரண கார்பன் ஸ்டீல், ஸ்பூல் ஷாப்பில்தான் (பைப் துண்டுகளை வெல்ட் செய்து தயாரிக்கும் பட்டறை) தயாராகிறது, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) இன்னும் ஆகவில்லை என்றால் வெல்ட் ஷூவே (பைப்பின் அடியில் வைக்கும் ஸ்டீல் கால்) போடு. செலவு குறைவு, தளராது. சுவர் மெல்லிசாக இருந்தால் ஷூவுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு பேட் (தகடு) வை. பேட் பைப்பின் மெட்டீரியலிலேயே இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் பைப்பில் ஸ்டெயின்லெஸ் பேட் வைத்துவிட்டால் அதன் கீழே கார்பன் ஸ்டீல் ஷூ வரலாம். பேடைச் சுற்றிலும் விடாமல் வெல்ட் செய்யச் சொல். விட்டு விட்டு அடித்தால் தண்ணீர் உள்ளே புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். அதேசமயம் பேடில் 6 மி.மீ. துளை ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று வெல்ட் முடியும் இடத்தில் பீறிட்டு ஓட்டை போட்டுவிடும். வேலை முடிந்தபின் துளையை கிரீஸால் அடைத்தால் போதும்.

ரப்பர், டெஃப்லான் லைனிங் உள்ளவை, கால்வனைஸ்டு, எஃப்ஆர்பி (நார் கலந்த பிளாஸ்டிக்) இவற்றில் கிளாம்ப் தவிர வழியில்லை. பி91 (குரோமியம் கலந்த, அதிகச் சூட்டுக்கான ஸ்டீல்) லைனில் ஒரு சின்ன ஃபில்லெட் வெல்டுக்குக்கூட (மூலையில் வைக்கும் வெல்ட்) 200 டிகிரிக்குச் சூடேற்றி, முடித்தபின் 750 டிகிரி சுமாருக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்யவேண்டும். சைட்டில் அந்தப் பாடு வேண்டாம். குளிர் லைன் என்றால் பாலியூரித்தேன் தொட்டில் வைத்து அதன்மேல் கிளாம்ப். சூடான ஸ்டெயின்லெஸ் பைப்பில் மட்டும் கால்வனைஸ்டு கிளாம்பை ஏற்றாதே. துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, ஸ்டெயின்லெஸுக்குள் இறங்கி விரிசல் விட வைக்கும்.

கிளாம்பில் பெரும்பாலும் கோட்டை விடுவது பைப் நகரும் திசையில்தான். கணக்குப் போட்டுப் பார். 20 டிகிரியிலிருந்து 200-க்குப் போகும் கார்பன் ஸ்டீல் லைனில், ஆங்கரிலிருந்து (பைப்பை அசையாமல் பிடித்திருக்கும் இடம்) 60 மீட்டர் தள்ளி இருக்கும் ஷூ சுமார் 130 மி.மீ. நகரவேண்டும். அதன்மேல் 20 கிலோநியூட்டன் எடை இருந்தால், ஸ்டீல் மேல் ஸ்டீல் உராய்வு 0.3 என்று வைத்தாலே 6 கிலோநியூட்டன் பிடித்திழுக்கும். கிளாம்பின் பிடி அதைவிடக் குறைந்தால் ஷூ பீமில் நின்றுவிடும், பைப் மட்டும் கிளாம்புக்குள் வழுக்கிப் போகும். சூடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இது கொஞ்சம் கொஞ்சமாக நடந்து, ஒருநாள் ஷூ பீமை விட்டே இறங்கி, இன்சுலேஷன் நசுங்கிக் கிடக்கும். வெல்ட் செய்யலாம் என்றால் கிளாம்பின் இரண்டு பக்கமும் பைப்பில் இரண்டிரண்டு லக் (வெல்ட் செய்யும் சின்ன ஸ்டீல் துண்டு) வை. கூடாது என்றால் ஷூவுக்கு அடியில் டெஃப்லான் தகடு போடு, உராய்வு 0.1 அளவுக்கு இறங்கி, இழுப்பு 2 கிலோநியூட்டனாகும். லைன் ஸ்டாப்புக்கு (பைப் நீளவாக்கில் நகராமல் தடுக்கும் இடம்) வெறும் கிளாம்பின் பிடியை நம்பவே நம்பாதே.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறவரிடம் ஒன்று சொல்லி அனுப்பு. கிளாம்பின் இரண்டு காதுகளுக்கும் (போல்ட் போகும் மடிப்புகள்) நடுவே வெளிச்சம் தெரியவேண்டும், ஒரு 5 மி.மீ.யாவது. காதுகள் முட்டிக்கொண்டால் ரென்ச் டைட் என்று சொல்லும், பைப் உள்ளே லூஸாக உருளும். பெயின்ட் கனமாக இருந்தாலும் நாளாக நாளாக நசுங்கித் தளர்ந்துவிடும். முதல் தடவை சூடாகி ஆறியபின் போல்ட்களை மறுபடி முடுக்கி, இரட்டை நட் போடச் சொல். 8 அங்குல ஸ்டெயின்லெஸ் பைப்பில் கார்பன் ஸ்டீல் கிளாம்ப் என்றால் 300 டிகிரியில் பைப் 0.3 மி.மீ. கூடுதலாக விரியும், போல்ட் இழுபட்டு, ஆறியதும் தளரும்.

ரெசிப்ரோகேட்டிங் (பிஸ்டன்) கம்ப்ரஸர் பக்கம் அதிர்வு அதிகம், அதனால் லைனர் (இடையில் வைக்கும் மெத்தை) வைத்த பட்டை கிளாம்ப்தான். அங்கே வெல்ட் ஓரத்தில் விரிசல் விழும். யு-போல்ட் (யு வடிவில் வளைத்த போல்ட்) அந்த அதிர்வை அடக்காது.

லைன் லிஸ்டில் மெட்டீரியல், வெப்பநிலை, இன்சுலேஷன் கனம், ஆங்கரிலிருந்து தூரம் இந்த நான்கையும் எழுதி அனுப்பு, நானும் ஒருமுறை பார்க்கிறேன். டிராயிங்கில் சப்போர்ட் பக்கத்தைக் கடைசியாகத்தான் எல்லோரும் புரட்டுவார்கள், நீயாவது முதலில் புரட்டு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்