கோரிக்கை மனு: நடைமேம்பாலத்தின் பத்தொன்பதாம் படியைச் சீர்செய்து விளக்கு எரியவைக்கக் கோருதல் (நான்காம் முறை)

அனுப்புநர்:
மலையேறப் போகும் 31 பேர் மற்றும் தெருவாசிகள்,
மாவு மில் எதிர்ச் சந்து, கொருக்குப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டல அலுவலகம், வட சென்னை.

பார்வை: ஆடி மாதம் நேரில் கொடுத்த மனு, ஆவணிக் கடைசியில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு, தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடியும் நேரில் கொடுத்த மனு. மூன்றுக்கும் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி பாலம் எது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூடிப்போன மாவு மில்லுக்கு எதிரே, கூட்ஸ் வண்டி வந்து நின்றுகொள்கிற தண்டவாளத்துக்கு மேலே போகிற பாலம். கேட் சாத்திவிட்டால் இந்தப் பக்கத்து ஜனம் முழுக்க அதில்தான் ஏறி இறங்கவேண்டும். தாங்கள் முன்பு இதே பகுதியில் பணிபுரிந்தவர் என்று வார்டு அலுவலகத்தில் சொன்னார்கள். தங்களிடம் கேட்டின் கதையைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. எங்களில் ஹார்பர் லாரி ஓட்டுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள், ஒரு நர்ஸ், டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர், காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கும் நான்கு அக்காமார் உண்டு. வருடம் ஒருமுறை வேன் பிடித்து ஒரே நாள் மலையேறப் போவோம். வரும் தை மூன்றாவது ஞாயிறு ஆந்திராவில் தலக்கோனா போகிறோம். ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வேனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

2. "பாலத்துக்கும் மலைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று போன முறை தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். சம்பந்தம் இதுதான். வட சென்னையில் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, காசிமேட்டின் பெயரில்தான் மேடு இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே கிண்டியில் ஒரு தேசியப் பூங்கா உண்டு, அதுவும் சமதரை. பரங்கிமலைக்குப் போய்ப் பழகலாமே என்பார்கள். பீச்சிலிருந்து ரயில் பிடித்து, ஏறி இறங்கி, ஏழு மணிக்குள் திரும்பி வந்து அடுப்பு பற்றவைக்க எந்தப் பெண்ணால் முடியும்? எங்களுக்கு இருக்கிற ஒரே மலை இந்தப் பாலம்தான். ஒரு பக்கத்துக்கு 46 படி. படிக்கு அரையடி என்று வைத்தால் 23 அடி. தலக்கோனா அருவி 270 அடி, ஆந்திராவிலேயே உயரமானது. பன்னிரண்டு தடவை ஏறினால் அருவியின் உயரம் வந்துவிடும். டீச்சர் போட்ட கணக்கு. கீழே ஒரு டப்பாவில் பன்னிரண்டு புளியங்கொட்டை இருக்கும், ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஒன்றை எடுத்து அடுத்த டப்பாவில் போடுவோம். காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் ஆறுக்குள் முடிந்துவிடும். தெருவில் எங்களுக்குப் படிக்கட்டுப் பைத்தியங்கள் என்று பெயர். இருக்கட்டும்.

மலையில் ஏறுவது பெரிய விஷயமில்லை ஐயா. மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறிவிடலாம். இறங்குவதுதான் ஆளைத் தின்றுவிடும். ஒவ்வொரு அடியிலும் உடம்பு முழுவதையும் தொடை பிடித்து நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடவேண்டும். பழகாத தொடை இரண்டு மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும். போன வருடமும் இதே காட்டுக்குத்தான் போனோம். அங்கே பாறை அடுக்கடுக்காக, ஓரமெல்லாம் கூராக இருக்கும். ஈரம் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். காலையில் கோயிலிலிருந்து அருவியின் அடிவாரம் வரை, பிறகு செம்மரங்களுக்கு நடுவே மேலே ஒரு ஏற்றம், மத்தியானம் புளிசாதத்தை முடித்துவிட்டு இன்னொன்று. மூன்றாவதில் இறங்கும்போது எங்களில் ஒரு அக்காவுக்குக் கால் உதறி, பாறையில் உட்கார்ந்துவிட்டார். இருட்டுவதற்குள் காட்டை விட்டு வெளியே வரவேண்டும் என்பது விதி. வழிகாட்டிப் பையன் வானத்தைப் பார்க்கிறான், எங்களைப் பார்க்கிறான். அந்தப் பக்கத்துக் காடுகளில் 2015-இல் நம் ஊர்க்காரர்கள் 20 பேர், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டது எங்கள் எல்லோர் மனதிலும் இருக்கிறது. தமிழ் பேசுகிற கூட்டம் பொழுது சாய்ந்த பிறகு செம்மரக் காட்டில் நிற்கக் கூடாது. அக்கா கடைசி வரைக்கும் உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்த்துக்கொண்டு இறங்கினார். புடவை பின்பக்கம் முழுதும் கிழிந்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார். அவர் ஏன் பழகவில்லை? பாலத்து விளக்கு எரியவில்லை, இருட்டில் வரப் பயந்து நின்றுவிட்டார். போன வருடம் விளக்கு மட்டும்தான் இல்லை.

3. இந்த வருடம் படியும் இல்லை.

கிழக்குப் பக்கம், கீழிருந்து எண்ணினால் பத்தொன்பதாவது படி. முன் ஓரம் உடைந்து விழுந்து, அரைச் சாண் அகலத்துக்கு ஓட்டை. குனிந்து பார்த்தால் கீழே ஜல்லியும் தண்டவாளமும் தெரியும். உள்ளே இரண்டு கம்பி. ஒன்று துருப்பிடித்து அறுந்துவிட்டது. இன்னொன்று மேல்நோக்கி வளைந்து தூண்டில் முள் மாதிரி நிற்கிறது. புடவைக் கரையை இழுக்கும், செருப்பு வாரை இழுக்கும், பள்ளிக்கூடப் பையின் பட்டையைக்கூட ஒருமுறை இழுத்தது. ஏறும்போது ஓட்டை கண்ணுக்கு எதிரே இருப்பதால் தாண்டிவிடுகிறோம். இறங்கும்போது மேல் படி மறைத்துவிடுகிறது. கால் வைத்த பிறகுதான் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, நல்ல படி எது, உடைந்த படி எது என்று வித்தியாசமே தெரியாது. ஆடி மாதம் யாரோ அந்தக் கம்பியில் எச்சரிக்கைக்காக ஒரு சிவப்புத் துணி கட்டினார்கள். ஐயா, அந்தத் துணி இப்போது வெள்ளையாகிவிட்டது.

மொத்தம் நாலு விளக்கு. நாலும் இல்லை. மீன் அக்காமார் தலையில் கூடை, வாயில் செல்போன் டார்ச் என்று இறங்குகிறார்கள். கூடையைப் பிடிக்கவே இரண்டு கை போய்விடுகிறதே, போனை வேறு எங்கே வைப்பது? பத்தொன்பதை மறக்காமல் இருக்க இறங்குகிறவர்கள் மேலிருந்து சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். மேலிருந்து எண்ணினால் அது இருபத்தெட்டு. விடியற்காலையில் அந்தப் பக்கம் வந்தீர்களானால் இருட்டுக்குள்ளிருந்து இருபத்தாறு, இருபத்தேழு என்று குரல் மட்டும் கேட்கும்.

புரட்டாசியில் எங்கள் பெரியவர் விழுந்தார். ஹார்பரில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர், வயது 67, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறவர். அன்றைக்கு அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது கீழே கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தது. எண்ணிக்கை தவறிவிட்டது. கால் கெண்டைச்சதை வரை ஓட்டைக்குள் போய்விட்டது. இழுத்தால் கம்பி கிழிக்கிறது, இழுக்காவிட்டால் கால் வரவில்லை. நர்ஸ் தங்கச்சி படியிலேயே மண்டியிட்டு, கம்பியை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக் காலை எடுத்தார். ஏழு தையல். இந்த வருடம் மலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் தினம் காலை வந்து, கீழே முதல் படியில் உட்கார்ந்து எங்களுக்காகப் புளியங்கொட்டை மாற்றுகிறார். அவர் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கேட்கிறோம்.

4. புகார் எண்ணுக்கு ஐந்து முறை போன் செய்தோம். ஐந்து முறையும் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. முதல் தடவை நம்பி ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒருநாள் ஒரு பொறியாளர் தம்பி வந்து ஓட்டையைப் போட்டோ எடுத்தார். பாலம் தண்டவாளத்தின் மேல் இருப்பதால் ரயில்வேயுடையது என்றார். ரயில்வேக்காரர்களிடம் போனோம். பாலம் எங்களுடையது, படி இறங்குகிற இடம் உங்கள் ஆபீஸுடையது என்றார்கள். அப்படியானால் பத்தொன்பதாவது படி யாருடையது? முதல் படியிலிருந்து பதினெட்டு வரை ஒருவர், இருபதிலிருந்து இன்னொருவர், நடுவில் இருக்கிற இது மட்டும் அநாதையா? சிமென்ட் மூட்டை வாங்கி நாங்களே பூசிவிடுகிறோம் என்று கொத்தனார் அண்ணன் ஒருவர் கிளம்பினார். அரசுச் சொத்தில் கை வைத்தால் கேஸ் போடுவார்கள் என்று அதே தம்பிதான் தடுத்தார். சரி, எங்கள் சிமென்டும் வேண்டாம், உங்கள் சிமென்டும் வராது, பெரியவர் காலுக்குப் போட்ட தையல் மட்டும் போதுமா?

5. "மலை ஏற ஆசைன்னா மலையிலேயே போய் ஏறுங்க." இது மூன்றாவது மனு கொடுத்த அன்று கவுன்டரில் கிடைத்த பதில். எழுத்தில் கொடுங்கள் என்றோம், கொடுக்கவில்லை.

6. கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும் ஐயா. மூன்று மனுவில் பணிவாகத்தான் எழுதினோம், "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றெல்லாம். மலைக்காக மட்டும் கேட்கிறோம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். நாங்கள் வருடத்தில் ஒருநாள் மலைக்குப் போகிறவர்கள். இந்தப் பாலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினம் நாலு தடவை ஏறி இறங்குகிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை பேர் போன பிறகு, மலை என்றாலே வீட்டில் விடமாட்டேன் என்பார்கள். கெஞ்சிக் கூத்தாடி, வனத்துறை அனுமதி இல்லாமல் போகமாட்டோம், வழிகாட்டி இல்லாமல் போகமாட்டோம், நன்றாகப் பழகாமல் போகமாட்டோம் என்று சத்தியம் செய்துதான் சம்மதம் வாங்கியிருக்கிறோம். இப்போது எங்கள் மாமியார் கேட்கிறார்: காட்டுல கூட ஒண்ணும் ஆகலையே, உன் பாலத்துலதானே அவரு கால் போச்சு? இதற்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

7. கேட்பது இவ்வளவுதான். பத்தொன்பதாம் படியைக் கட்டித்தரவேண்டும். கம்பியை அறுத்து எடுக்கவேண்டும். நாலு விளக்கு எரியவேண்டும், நாலு முடியாவிட்டால் கிழக்குப் படிக்கு மேலே இருக்கிற ஒன்றாவது எரியவேண்டும். கைப்பிடி ஆடுகிறது, அதைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படி, ஐயா. முதலில் அந்தப் படி. பொங்கலுக்குள் செய்துகொடுத்தால் கடைசி இரண்டு வாரமாவது இறங்கிப் பழகிக்கொள்வோம். யாருடைய படி என்று தாங்கள் இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அதுவரை ஒரு இரும்புத் தகடாவது போட்டு மூடச் சொல்லுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
31 பேர் கையொப்பம், தெருவாசிகள் 58 பேர் கையொப்பம், இரண்டு கைநாட்டு.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், பதிவுத் தபால் ரசீது, படியின் புகைப்படம் நான்கு, "தீர்க்கப்பட்டது" குறுஞ்செய்திகள் ஐந்தின் நகல்.

பின்குறிப்பு: நேரில் பார்க்க அதிகாரிகளை அனுப்புவதானால் காலை 5 மணிக்கு அனுப்பவும். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம். டார்ச் எடுத்து வரச் சொல்லவும், இறங்கும்போது எண்ணச் சொல்லவும்.