வளரும் பிள்ளைக்கு இன்றைய உயரத்துக்கான சைக்கிள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் பொங்கோல், தெம்பனிஸ், அங் மோ கியோ என வட்டாரத்துக்கு வட்டாரம் சைக்கிளோட்டப் பாதைகள் நீண்டுகொண்டே போகின்றன. பாலர் பள்ளிக்கும் ஈரச்சந்தைக்கும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கும் பிள்ளையோடு சைக்கிளில் போய்வருவது எளிதாகி வருகிறது. அந்த சைக்கிள் பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்பதற்கும் அதே அக்கறை வேண்டும்.

முதலில் பிள்ளை இருக்கை. முன்பக்கம் பொருத்துவது பெரும்பாலும் 15 கிலோ வரை தாங்கும். பின்பக்கம் பொருத்துவது 22 கிலோ வரை. பின்பக்கக் கேரியரில் பூட்டும் இருக்கையானால் கேரியரில் பொறித்திருக்கும் எடையையும் படிக்க வேண்டும். கேரியர் 25 கிலோ தாங்கும், இருக்கையே 4 கிலோ என்றால் பிள்ளைக்கு மிஞ்சுவது 21 கிலோதான். மடக்கு சைக்கிள்கள் சிலவற்றின் கேரியர் அதில் பாதிகூடத் தாங்காது. பிள்ளையைப் பள்ளிப்பையோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். பையைக் கைப்பிடியில் மாட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பாதத்தைக் கட்டும் வார் தளர்ந்திருந்தால் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். நின்ற வண்டி சாய்ந்தும் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்டை நம்பி, பிள்ளையை இருக்கையில் விட்டுவிட்டுக் கையை எடுக்கவே கூடாது.

தொடக்கநிலை 1-க்குப் போகும் வயதில் பல பிள்ளைகள் அந்த 22 கிலோவை எட்டிவிடுவார்கள். இனிச் சொந்த சைக்கிள்தான். இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் தவறுகிறார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று ஓர் அளவு பெரிதாக வாங்குகிறார்கள். கால் எட்டாத வண்டியில் பிள்ளைக்கு முதலில் வருவது பயம்தான். வயதைப் பார்த்து வாங்குவதும் சரிவராது. பிள்ளையைச் சுவரோரம் வெறுங்காலுடன் நிற்க வைத்து, கவட்டில் ஒரு புத்தகத்தை ஒட்டிப் பிடித்து, அதன் மேல் விளிம்பு வரை தரையிலிருந்து அளவெடுங்கள். ஆகக் கீழே இறக்கிய இருக்கையின் உயரம் அந்த அளவைத் தாண்டக்கூடாது. அதோடு வண்டியைத் தூக்கியும் பாருங்கள். 18 கிலோ பிள்ளைக்கு 9 கிலோ வண்டி என்றால், 60 கிலோ பெரியவர் 30 கிலோ வண்டியை ஓட்டுவதற்குச் சமம்.

பின்சக்கரத்தின் இருபுறமும் பொருத்தும் சிறிய பக்கச் சக்கரங்களைத் தவிர்ப்பது நல்லது. மழைநீர் வடிய நம் பாதைகள் சற்றே சரிந்திருக்கும். அந்தச் சரிவில் பக்கச் சக்கரம் தரையில் ஊன்றிக்கொண்டு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் மிதித்தாலும் நகராது, பின்பிரேக்கும் பிடிக்காது. சாய்ந்து திரும்பும் பழக்கமும் வராது. அதைவிட, இரண்டு பெடலையும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றிவிட்டு, காலால் உந்தி ஓட்டவிடலாம். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். அதைக் கடிகாரச் சுற்றில் திருகினால்தான் கழலும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நேராக உருளத் தெரிந்த பிறகு பெடலைத் திரும்ப மாட்டலாம்.

பொதுப் பாதையில் ஓட்டும் சைக்கிளுக்குக் குறைந்தது ஒரு கைப்பிரேக் வேலை செய்யவேண்டும் என்பது விதி. ஆனால் பெரியவர் பிடித்துப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது போதாது. திறந்தவெளியில் மழையில் நனையும் சைக்கிளின் பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். நம் கைக்கு அது தெரியாது, ஆறு வயது விரலுக்குத் தெரியும். பிள்ளையே பிரேக்கைப் பிடிக்க, நீங்கள் வண்டியைத் தள்ளுங்கள். சக்கரம் உருண்டால் கம்பியையும் உறையையும் மாற்றுங்கள். பிரேக் பிடி விரலுக்கு எட்டவில்லை என்றால், பல வண்டிகளில் பிடியின் அடியில் இருக்கும் சிறு திருகை ஆலன் கீ எனும் அறுகோணச் சாவியால் உள்ளே திருகினால் பிடி கைக்கு நெருங்கி வரும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. சைக்கிளோட்டப் பாதையை ஒட்டி, நடப்போருக்கு மட்டும் என்று குறியிட்ட பாதைகளில் 2025 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டக்கூடாது. அத்தகைய இடங்களில் சிறு பிள்ளைகளும், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும் வண்டிகளுக்கு நடுவில்தான் ஓட்டவேண்டும். பிள்ளையை முன்னால் விட்டு, பெரியவர் பின்னால் வந்தால் எல்லாம் கண்ணில் படும். வாகன நிறுத்துமிடத்தின் வாசல் வந்தால் முன்னே போய் நின்று பார்த்துக் கூட்டிச் செல்லுங்கள். மழை பெய்து ஓய்ந்ததும் இரும்பு வடிகால் மூடிகள் வழுக்கும். அவற்றின்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். தலைக்கவசம் சாலையில் மட்டும்தான் கட்டாயம். பிள்ளைக்கு எங்கேயும் அது வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு அணிவியுங்கள்.

அளவு மாறும்போதெல்லாம் புதிது வாங்குவது எல்லாக் குடும்பத்துக்கும் முடியாது என்பதையும் மறக்கவில்லை. அடுக்குமாடி புளோக்குகளின் கீழே துருப்பிடித்துக் கிடக்கும் சிறுவர் சைக்கிள்களில் பலவற்றுக்குத் தேவை இரண்டு டயர், ஒரு பிரேக் கம்பி, ஒரு சங்கிலி, அவ்வளவுதான். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் சமூக மன்றங்கள் சிறுவர் சைக்கிள்களை மாற்றிக்கொள்ள ஒருநாள் ஏற்பாடு செய்யலாம். கைமாறுமுன் பழுது பார்ப்பவர் ஒருவர் பிரேக்கைச் சோதித்துத் தரவேண்டும். கடைகளும் சிறுவர் சைக்கிளில் வயதைக் குறிப்பிடும் அட்டையில், இருக்கையின் ஆகக் குறைந்த உயரத்தையும் வண்டியின் எடையையும் அச்சிட்டுத் தரவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், தெம்பனிஸ்