சென்னை ராக் மேடைகளைப் படம்பிடிக்கத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் ஊர் ராக் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துச் சேர்த்துவைக்கும் வேலையில் உதவிய எல்லோருக்கும் எங்கள் நன்றி.

முதலில், மேடை ஒலிகளைக் கலந்து அளவாக்கும் மிக்ஸரில் உட்காரும் சவுண்ட் அண்ணன்களுக்கு. படம் சுமாராக இருந்தால் பார்த்துவிடுவார்கள், சத்தம் கிழிந்தால் அரை நிமிடம் தாங்க மாட்டார்கள். கேமரா மைக்கை மட்டும் நம்பினால் டிரம்ஸும் பேஸும் பாட்டை விழுங்கிவிடும். மிக்ஸரிலிருந்து நேராக வயர் போட்டு ஒலியை எடுத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. சின்ன ஹாலில் கிடார் அதன் சொந்த ஒலிபெருக்கியான ஆம்பிலிருந்தே காதைப் பிளக்கும் என்பதால் மிக்ஸரில் அதைக் கொஞ்சம்தான் ஏற்றுவார்கள். அப்புறம் பதிவில் குரல் மட்டும் தனியாக நிற்கும். மைக், மிக்ஸர் இரண்டின் ஒலியையும் கலந்தால்தான் கச்சேரி கச்சேரியாகக் கேட்கும். சவுண்ட் செக் நெருக்கடியிலும் எங்களுக்கென்று ஒரு அவுட்புட் ஒதுக்கினீர்கள், கூட்டத்துக்கு நடுவே மைக் ஸ்டாண்ட் வைக்க இடம் பிடித்துத் தந்தீர்கள். மறக்க மாட்டோம் அண்ணா.

லைட் போடும் தம்பிகளே, எல்இடி விளக்கு படத்தில் பட்டை பட்டையாகத் துடித்தால் கேமரா ஷட்டரை 1/50 நொடியில் வைத்துச் சமாளித்துவிடுவோம். முழுச் சிவப்பு வெளிச்சத்துக்குத்தான் மருந்தில்லை, முகமே தெரியாது. கேட்டதும் பின்னால் இருக்கும் டிரம்மர்மேல் கொஞ்சம் வெள்ளை விழவைத்தீர்களே, அதற்கு நன்றி.

அமெரிக்காவின் ஃபுகாஸி ராக் குழுவுக்கு அவர்களுடைய சவுண்ட் ஆட்களே ஊர் ஊராகப் பதிவு செய்தார்கள். அதனால்தான் எண்ணூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் தப்பின. 2011 முதல் யாரும் கேட்கலாம். இங்கே அடையாறு அன்வைண்ட் சென்டர் மாதிரி இடங்களில் வாசித்த எத்தனையோ குழுக்கள் ஒரு ஆல்பம்கூடப் போடாமல் கலைந்துவிட்டன. அவர்கள் வாசித்ததற்குச் சாட்சி யார் வீட்டுப் பரணிலோ கிடக்கும், பழைய வீடியோ கேமராவின் மினிடிவி (MiniDV) கேசட்தான். கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமுன் அதை எடுத்துத் தந்த அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் பெரிய கும்பிடு. ஒரு மணி நேர கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் முழுக்க ஓடவிட வேண்டும், 13 ஜிபி பிடிக்கும். அந்த வேலைக்காக ராத்திரி கண்விழித்த மாணவர்களுக்கும் நன்றி.

கல்லூரி விழாக்காரர்கள் புதுக் குழுவிடம் கேட்கும் முதல் கேள்வியே "லைவ் வீடியோ இருக்கா?" என்பதுதான். இனி கையில் இருக்கிறது, தைரியமாக அனுப்புங்கள்.

எல்லாக் குழுக்களின் ஃபைல்களும் தயார். ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், குழுவை விட்டுப் போனவர்களுக்கும் ஒரு காப்பி கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
படப்பிடிப்புக் குழு