பாலிசிய மொதல்ல கேன்சல் பண்ணு

பாப்பா,

அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா, அப்பாகிட்ட சொல்லாதன்னு நீ சொன்னத கூட சேத்து. பேங்க்ல குடுத்த இன்சூரன்ஸ் மார்ச் டார்கெட் முடியலன்னு உன் பேர்லயே வருஷம் 50,000 கட்டுற பாலிசி போட்டியாமே? கோவமெல்லாம் இல்லடா, ரிவியூ கால் வர்றப்போ வயிறு எப்படி பெசையும்னு எனக்கு தெரியாதா.

நான் உன்கிட்ட சொல்லாதது ஒன்னு இருக்கு. 2016 நவம்பர் 8 நைட்டு நோட்டு செல்லாதுன்னாங்கல்ல, 10ந்தேதி எங்க பேங்க் ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடியே க்யூ தெருமுனை தாண்டி நின்னுச்சு, அந்த சனி ஞாயிறும் லீவு கெடையாது. அதுல ஒரு நாள் ராத்திரி என் கேஷ் கவுன்ட்டர் கணக்க டேலி பண்றப்போ 6,000 கொறையுது, புது 2000 நோட்டு மூணு யாருக்கோ சேந்து போயிருக்கு. மெஷின்ல போட்டேன், கையால எண்ணினேன், குப்பத்தொட்டிய கூட கொட்டி பாத்தேன். கடைசில என் அக்கவுண்ட்ல டெபிட் போட்டு சரி பண்ணிட்டு வீட்டுக்கு வந்து வாயே தொறக்கல. தூக்கத்துல பெட்ஷீட் ஓரத்த நோட்டு மாதிரி எண்ணிட்டு இருந்தேனாம், அம்மா லைட்ட போட்டு பாத்துட்டு அழுதுட்டா. பிரஷர் மாத்திர அப்போ ஆரம்பிச்சது தான்.

ரெண்டு வருஷம் கழிச்சு யூனியன் மீட்டிங்ல டீ குடிக்கறப்போ பக்கத்து கவுன்ட்டர்காரர் சொல்றாரு, அவருக்கும் அதே வாரம் 4,000 போச்சாம்! மூணடி தூரத்துல உக்காந்துட்டு ரெண்டு பேரும் மூச்சு விடல பாரு.

சரி, பாலிசி பேப்பர் கைக்கு வந்து 30 நாள் ஆகலன்னா ஃப்ரீ லுக்ல, அதான் வேண்டாம்னா திருப்பி குடுக்க விடற டைம்ல, கேன்சல் பண்ணிடலாம், கொஞ்சம் புடிச்சுட்டு மீதி திரும்ப வரும். இன்னைக்கே எழுதி குடு. மேனேஜர் மூஞ்சிய தூக்குவார், தூக்கட்டும். அப்புறம் முக்கியமான சீட்ல இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு 10 வேலைநாள் கட்டாய லீவுன்னு ரிசர்வ் பேங்க் ரூலே இருக்கு, உன் சீட்டு அந்த லிஸ்ட்ல வருதான்னு கேளு. நம்ம மேல உள்ள அக்கறையில இல்ல, தில்லுமுல்லு கண்டுபுடிக்க போட்ட ரூல் தான் அது, ஆனா லீவு லீவு தானே. இப்பவும் தூக்கம் வரலன்னா 14416க்கு போன் போடு, மனசு சரியில்லன்னா பேசறதுக்கான கவர்மெண்டு நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். எங்க காலத்துல இதெல்லாம் ஏது.

நார்த்தங்கா ஊறுகா கூரியர்ல போட்டிருக்கேன், பாட்டில் ஒடையாம வந்துச்சான்னு சொல்லு. நாளைக்கு டீ குடிக்கறப்போ பக்கத்து சீட்டு பொண்ணுகிட்ட மெதுவா கேளு, அவ பேர்ல எத்தன பாலிசி இருக்குன்னு.

அப்பா