டூம் 64-ஐ வெளிச்சம் கூட்டி வச்சு ஆடி முடிச்ச தம்பிக்கு

தம்பி,

நேத்து நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன்டா. "அக்கா, டூம் 64 முடிச்சுட்டேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா ஹாரர்லாம் ஒண்ணுமில்ல, வெறும் இருட்டுதான், நான் பிரைட்னஸ ஃபுல்லா ஏத்திட்டு பேக்ரவுண்ட்ல என் ப்ளேலிஸ்ட் போட்டுட்டு ஆடினேன்"னு சொன்ன. அதுக்கு வாய்ஸ்லயே பதில் சொல்லிடலாம்னுதான் பாத்தேன், ரெண்டு தடவ ரெக்கார்ட் பண்ணி அழிச்சேன், சொல்ல வேண்டியது அவ்ளோ இருக்கு, அதனால உக்காந்து எழுதுறேன். முழுசா படி.

நீ அந்த பேய் சுடுற கேம்ல உள்ள துப்பாக்கிய ஆடியிருக்க, பேய்கள ஆடியிருக்க. ஹாரர் இருந்தது சத்தத்துலயும் வெளிச்சத்துலயும். அது ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் நீ உள்ளயே போயிருக்க.

முதல்ல ஒண்ணு. நீ ஆடினது 2020 மார்ச்ல நைட்டைவ் ஸ்டூடியோஸ் புது மெஷின்களுக்கு மாத்தி கொண்டுவந்த வெர்ஷன். அத நான் குறை சொல்லவே மாட்டேன், ரொம்ப மரியாதையா பண்ணின வேலை அது, 23 வருஷமா ஒரே மெஷின்ல மாட்டிக்கிட்டு இருந்த கேம எல்லார் கைக்கும் கொண்டுவந்தாங்க. ஆனா நான் உன்ன ஆடச் சொல்றது 1997 ஏப்ரல்ல மிட்வே கம்பெனி வெளியிட்ட அந்த கார்ட்ரிட்ஜ, அதாவது கன்சோல்ல சொருகுற கேம் டப்பாவ, நின்டெண்டோ 64 கன்சோல்ல, பழைய டப்பா டிவில. பழசுங்கறதுக்காக இத சொல்லல. அந்த மெஷின், அந்த டிவி, அந்த ஸ்பீக்கர் மூணுக்கும் சேர்த்து அளவெடுத்து தைச்ச பயம் அது.

சத்தத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நீ முதல்ல கொன்னது அதத்தான். 1993-ல பிசில வந்த டூமுக்கு பாபி பிரின்ஸ் போட்ட ம்யூசிக் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும், ராக் கிட்டார் மாதிரி வெறியேத்துற ட்யூன், அத கேட்டாலே கை தானா ட்ரிகர அமுக்கும், அங்க நாமதான் வேட்டைக்காரன். 1995-ல ப்ளேஸ்டேஷனுக்கு டூம் வந்தப்ப ஆப்ரி ஹாட்ஜஸ்னு ஒருத்தர் அத மொத்தமா தூக்கிப்போட்டுட்டு வேற ஒண்ணு பண்ணாரு, டூம் 64-லயும் அவரேதான். ட்யூனே கிடையாது. அடில ஒரு முனகல், எங்கயோ காத்து ஊதுற மாதிரி, எங்கயோ இரும்பு உரசுற மாதிரி, சில இடத்துல குழந்தை அழுகுற சத்தம், சில இடத்துல யாரோ பேசுறாங்களோன்னு தோணும் ஆனா ஒரு வார்த்தை கூட பிடிபடாது. மொத்த கார்ட்ரிட்ஜே 8 எம்பிதான்டா, இன்னைக்கு நாம எடுக்குற ஒரு ஃபோட்டோ கூட சில சமயம் அத தாண்டிடுது, அதுக்குள்ள படம் லெவல் எல்லாம் போக மிச்சம் இருக்குற இடத்துல சின்னச் சின்ன சத்தத் துண்டுகள இழுத்து, தாழ்த்தி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி அந்த மனுஷன் இத செஞ்சிருக்காரு. இதுல தாளம் இல்லாததால உன் மூளைக்கு பிடிச்சுக்க எதுவுமே இல்ல, அடுத்து என்ன வரும்னு ஊகிக்க முடியாது, அதனால தானாவே காத தீட்டி வச்சுக்க ஆரம்பிச்சுடுவோம். அங்கதான் கேம் நம்மள பிடிக்குது.

காத தீட்டினா என்ன கேக்கும்னா, பேய்கள். டூம் எஞ்சின்ல, அதாவது கேம ஓட்டுற அடிப்படை ப்ரோக்ராம்ல, ஒரு விஷயம் இருக்கு, நீ சுட்ட சத்தம் ஒரு ரூம்ல இருந்து அடுத்த ரூமுக்கு ஓட்டை இருக்குற வழியெல்லாம் பரவும், மூடின கதவு இருந்தா அங்க நின்னுடும். சத்தம் எட்டின இடத்துல இருக்குற பேய்ங்க முழிச்சுக்கிட்டு உன்ன தேடி நடக்க ஆரம்பிக்கும், நடக்கும்போது அப்பப்ப ஒரு உறுமல் விடும். அந்த உறுமலுக்கு சுவர் ஒரு தடையே இல்ல, தூரம் மட்டும்தான் கணக்கு, இடதா வலதான்னு ஓரளவுக்கு தெரியும், ஆனா முன்னாடியா பின்னாடியான்னு தெரியாது. அதாவது இம்ப்ங்கற ஒரு வகைப் பேய் உறுமுதுன்னா அது சுவருக்கு அந்தப்பக்கம் வழியில்லாம சுத்திக்கிட்டு இருக்கலாம், இல்ல உன் முதுகுக்கு நேர் பின்னாடி நிக்கலாம், ரெண்டுக்கும் ஒரே சத்தம். சில பேய்ங்கள வேணும்னே செவிடா வச்சிருப்பாங்க, எவ்ளோ சுட்டாலும் வராது, நீ அது கண்ணுல படுற வரைக்கும் அப்படியே நிக்கும். இந்த கணக்கெல்லாம் பிசி டூம்லயும் இருக்கு, ஆனா அங்க ம்யூசிக் மூடிடும். இங்க மூட எதுவும் இல்ல. நீ அதுமேல உன் ப்ளேலிஸ்ட்ட கொண்டுபோய் வச்சிருக்க, எனக்கு வயிறு எரியுதுடா.

அடுத்தது வெளிச்சம். "வெறும் இருட்டு"ன்னு நீ சொன்னதத்தான் 97-ல ரிவ்யூ எழுதுனவங்க நிறைய பேரும் சொன்னாங்க, கூடவே பழைய டூம்தானேன்னு வேற. அப்ப க்வேக்னு முழு 3டி கேம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, எல்லாருக்கும் முழு 3டி பைத்தியம், இது என்னடான்னா பேய்ங்கள எல்லாம் இன்னும் தட்டைப் படமா நிக்க வச்சிருக்கு. ஆனா வெளிச்சத்துல இவங்க என்ன பண்ணாங்கன்னு பாரு. பிசி டூம்ல ஒரு இடத்துக்கு ஒரு வெளிச்ச அளவுதான், கூட இல்ல கொறச்சல், அவ்ளோதான். டூம் 64-ல ஒவ்வொரு இடத்துக்கும் அஞ்சு நிறம், தரைக்கு ஒண்ணு, கூரைக்கு ஒண்ணு, சுவரோட மேல்பக்கத்துக்கு ஒண்ணு, கீழ்ப்பக்கத்துக்கு ஒண்ணு, உள்ள நிக்கிற பேய்க்கும் பொருளுக்கும் தனியா ஒண்ணு. அதனாலதான் சுவர் மேல ஆரஞ்சா ஆரம்பிச்சு கீழ வர வர கருநீலமா கரைஞ்சு போகும், பச்ச வெளிச்சத்துல நிக்கிற இம்ப் பச்சையாவே இருக்கும், தரையும் அதும் ஒண்ணாயிடும். எந்த மூலைய எவ்ளோ தெரிய வைக்கணும்னு ஒரு ஆள் உக்காந்து முடிவு பண்ணியிருக்கான்டா. பிரைட்னஸ ஃபுல்லா ஏத்தினா அந்த முடிவு எல்லாம் வெளுத்துப் போய் எல்லா ரூமும் ஒரே சாயம்.

பழைய டிவி வேணும்னு நான் அடம்பிடிக்கிறதுக்கு காரணமும் இதான். சிஆர்டில, அதாவது அந்த டப்பா டிவில, கருப்புன்னா அங்க வெளிச்சமே விழலன்னு அர்த்தம், லைட்ட அணைச்சா டிவி எங்க முடியுது ரூம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. சாதாரண எல்சிடில பின்னாடி லைட் எப்பவும் எரியுது, கருப்பு சாம்பலாத்தான் வரும், இருட்டு இருட்டா இல்லாம அழுக்கா தெரியும். அதுபோக நின்டெண்டோ 64 அனுப்புற 240 வரி சிக்னல நிறைய புது டிவிங்க 480 வரின்னு தப்பா எடுத்துக்கிட்டு ஏதோ ப்ராசஸ் பண்ணி குழப்பி லேட்டா காட்டும், நீ திரும்பி ஒரு கணம் கழிச்சு ஸ்க்ரீன் திரும்புற மாதிரி இருக்கும், சண்டைல அது போதும் சாக. அப்புறம் அந்த கன்சோல் எல்லா படத்தையும் தேய்ச்சு மழுக்கிக் காட்டும், அதுக்கு அப்படி ஒரு பழக்கம், நிறைய பேருக்கு அது பிடிக்காது, ஆனா இந்த ஒரு கேமுக்கு அது வரம். தூரத்துல ஒரு கரை மாதிரி ஏதோ தெரியும், தூணா பேயான்னு தெரியாது, அது அசைஞ்சாத்தான் தெரியும். நைட்மேர் இம்ப்னு ஒண்ணு வருமே, பாதி உடம்பு கண்ணாடி மாதிரி, வேகமும் ஜாஸ்தி, அத நீ உன் மானிட்டர்ல கூர்மையா பாத்திருப்ப. டப்பா டிவில அது வர்றது தெரியாது, வந்தது மட்டும்தான் தெரியும்.

ஆனா நான் இந்த கேம இவ்ளோ மதிக்கிறதுக்கு இதெல்லாத்த விடவும் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. காலி பண்ணின ரூம நம்ப முடியாது. மத்த கேம்ல ஒரு இடத்த சுத்தம் பண்ணிட்டா அது நம்ம இடம், திரும்ப வந்து மூச்சு விடலாம். மிட்வே ஆளுங்க இதுல ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் வசதிய எஞ்சினுக்குள்ள சேர்த்தாங்க, ஒரு சுவிட்ச அமுக்கினா வரிசையா பத்து விஷயம் நடக்க வைக்கலாம், தரை இறங்கும், படி முளைக்கும், சுவர் விலகும், இப்பதான் நடந்து வந்த வராண்டாவுல புதுசா நாலு பேய் வந்து நிக்கும். ஒரு சாவிய எடுப்ப, ஒண்ணும் ஆகாது, அப்பாடான்னு திரும்பினா வந்த வழி வேற மாதிரி இருக்கும். நரகத்து லெவல்கள்ல சுவர்ல இருந்து அம்பு வேற வரும், அதுலயும் சிலது உன்ன துரத்திக்கிட்டே வரும். இத ரெண்டு மூணு தடவ பட்டுட்டா அப்புறம் எந்த சாவிய பாத்தாலும் கை தயங்கும், எடுக்கறதுக்கு முன்னாடி சுத்தி ஒரு தடவ நடந்து எந்த சுவர் சந்தேகமா இருக்குன்னு பாப்போம். பேய் எதுவுமே இல்லாத ரூம்ல நின்னு பயப்பட வைக்கிறது சாதாரண வேலை இல்லடா.

சேவ் விஷயமும் இருக்கு. நீ ஆடினதுல எங்க வேணா சேவ் பண்ணலாம். கார்ட்ரிட்ஜ்ல லெவல் நடுவுல சேவே கிடையாது, லெவல் முடிஞ்சா 16 எழுத்து பாஸ்வேர்ட் ஒண்ணு குடுக்கும், இல்லன்னா கன்ட்ரோலர் பேக்ங்கற மெமரி கார்ட்ல ஏத்திக்கலாம். லெவல் பாதில செத்தா முதல்ல இருந்து, அதுவும் வெறும் பிஸ்டலோட. சேர்த்த ராக்கெட், ப்ளாஸ்மா எல்லாம் போச்சு. பாஸ்வேர்ட திரும்ப போட்டா அந்த லெவலுக்குள்ள வந்தப்ப இருந்த ஹெல்த், ஆயுதம் எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே வரும், அதனால பாஸ்வேர்ட ஒவ்வொரு தடவையும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோ. எடுத்து வச்சாலும் இருபது நிமிஷம் உழைச்சது போகும்ல, அந்த நினைப்பு இருக்குற வரைக்கும் ஒரு மூலைல திரும்பறதுக்கே யோசிப்ப. நீ பத்து அடிக்கு ஒருக்கா சேவ் பண்ணிட்டு ஓடியிருப்ப, தெரியும் எனக்கு.

குறையே இல்லன்னு சொல்ல வரல. சில லெவல்ல ஒரு சுவிட்ச அமுக்கினா எங்கயோ ஒரு கதவு திறக்கும், எங்கன்னு ஒரு துப்பும் இருக்காது, சுத்தி சுத்தி வந்து பயம் போய் சலிப்பு வந்துடும், அத பாதி கேமுக்கு அப்புறம் வர்ற லெவல்கள்ல நான் உணர்ந்திருக்கேன். ரெவனன்ட், ஆர்ச்வைல்ங்கற ரெண்டு பேயும் இதுல இல்லாதது ஒரு இழப்புதான். லாஸ்ட் சோல்ங்கற பேய் தேவைக்கு அதிகமா வெறிபிடிச்சு பாயும். மல்டிப்ளேயரும் கிடையாது, ஆனா அது எனக்கு குறையாவே படல, இந்த கேம் ஒருத்தர் தனியா உக்காந்து ஆடத்தான் பண்ணினது. கதைகூட அப்படித்தான முடியுது, கடைசி பேயான மதர் டீமன கொன்னுட்டு நாம ஆடுற அந்த ஆள் வீட்டுக்கு கிளம்பல, இனி எதுவும் எந்திரிக்கக் கூடாதுன்னு நரகத்துலயே தங்கிடுறான்.

சரி, இப்ப நீ என்ன பண்ணணும்னா, ராத்திரி ஆடு, லைட்ட அணை, டிவி சத்தத்த கொஞ்சம் தாராளமாவே வை. கன்சோல்லயும் பிரைட்னஸ் ஆப்ஷன் இருக்கு, ஒண்ணுமே தெரியலன்னா துளி ஏத்திக்கோ, சுவரோட நிறம் கரையறது தெரியற அளவுக்கு, அதுக்கு மேல வேண்டாம். பிரிங் இட் ஆன்ங்கற கஷ்ட அளவுல ஆரம்பி, நீ முடிச்ச கேம்தான்னு ரொம்ப கஷ்டமான வாட்ச் மீ டைக்கு போனா பயம் வர்றதுக்கு முன்னாடி எரிச்சல்தான் வரும். ஒத்த ஸ்டிக்ல திரும்பறதும் பட்டன்ல பக்கவாட்டுல நகர்றதும் முதல் அரை மணி நேரம் கைக்கு வராது, அத வச்சு முடிவு பண்ணாத, ஆப்ஷன்ல போய் பட்டன மாத்திக்கோ. மேல கீழ பாக்க முடியாது, துப்பாக்கியே உயரத்த பாத்துக்கும். மேப்ப முடிஞ்சவரைக்கும் திறக்காத. முதல் லெவல்ல பேரல் எல்லாத்தையும் வெடிச்சா ஹெக்டிக்ங்கற ரகசிய லெவல் திறக்கும்னு உனக்குத் தெரியும், இப்ப அங்க போகாத, அது சோதனை மைதானம், பயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரகசிய லெவல்கள்ல இருக்குற டீமன் கீ மூணையும் மட்டும் விட்டுடாத, அன்மேக்கர் துப்பாக்கிக்கு உயிரே அதுலதான், கடைசி லெவல்ல பேய் வர்ற வாசல்கள மூடவும் அதுதான் வேணும்.

கன்சோல், கார்ட்ரிட்ஜ், டிவி எல்லாம் என்கிட்ட தயாரா இருக்கு, சனிக்கிழமை ராத்திரி வா. எட்டாவது லெவல் ஃபைனல் அவுட்போஸ்ட் வரைக்கும் ஒரே மூச்சுல ஆடு, நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன், வழி கேட்டா சொல்ல மாட்டேன். ஹெட்போன வீட்டுலயே வச்சுட்டு வா.

அக்கா